நடுங்கும் கைகளும் மணல் மூட்டையும்

ஒரு வாடிக்கையாளரின் உடல்நிலையில் ஏற்படும் மாற்றம் வங்கிக் கிளையில் முதலில் தெரியும் இடம் அவருடைய கையொப்பம். கணக்குத் தொடங்கிய நாளில் இட்ட மாதிரிக் கையொப்பம் கட்டத்தை நிறைத்துக்கொண்டு நிற்கும். இன்று காசோலையில் இருப்பதும் அதே எழுத்துகள்தாம். ஆனால் முதலெழுத்து ஓரளவு பெரிதாகவும், அடுத்தடுத்து வருபவை குறுகிக்கொண்டே சென்று கடைசி எழுத்து எறும்பளவாகவும் இருக்கும். முதுமையால் கோணிப்போகும் கையொப்பம் வேறு, இவ்வாறு சிறுத்துப்போகும் கையொப்பம் வேறு. பின்னதைப் பார்க்கின்சன் நோயின் அடையாளங்களுள் ஒன்றாக மருத்துவர்கள் கூறுவர். கை நடுங்கத் தொடங்குமுன்பே எழுத்து சிறுத்துவிடுவதும் உண்டு.

கரமனையில் ஓய்வூதியக் கணக்குகள் மிகுதி. தலைமைச் செயலகத்திலும் கணக்காயர் அலுவலகத்திலும் பள்ளிகளிலும் வங்கிகளிலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள் ஆற்றங்கரை அக்ரகாரத் தெருக்களிலும் அவற்றைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வாழ்கின்றனர். பிள்ளைகளிற் பலர் பெங்களூருவிலும் வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர். மாதத்தின் முதல் வாரத்தில் கிளைக்கு வரும் முதியோருள், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பதற்கே நேரம் பிடிக்கும் ஒருவரையோ, ஒரு கையை மட்டும் வீசாமல் நடந்துவரும் ஒருவரையோ காணாத மாதம் அரிது. அவர்களுக்காக வங்கி செய்ய வேண்டியவை விதிகளில் தெளிவாகவே உள்ளன. கையொப்பமிட இயலாதவர் கைவிரல் அல்லது கால்விரல் ரேகை வைத்துப் பணம் பெறலாம். அதற்கு இரு சாட்சிகள் வேண்டும், அவருள் ஒருவர் வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். 70 வயதைக் கடந்தோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே கொண்டு செல்லுமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. வாழ்நாள் சான்றிதழையும் இப்போது முகம் காட்டியே அளிக்கலாம். இவை தேவையானவை. எனினும் இவை அனைத்தும், நோயாளர் வீட்டைவிட்டு வெளியே வரத் தேவையில்லை என்ற திசையில் செல்பவை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பார்க்கின்சன் நோயைப் பொறுத்தவரை, வெளியே வருவதும் உடலை வருத்தி இயக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அப்பகுதிக்கு நம் ஊரில் போதிய இடம் ஒதுக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் முறையீடு.

இந்நோயை முதன்முதலில் முறையாக விவரித்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர். 1817இல் அவர் எழுதிய சிறு நூலில் 6 பேரின் நிலையை மட்டுமே விவரித்தார். அவருள் சிலரைத் தெருவில் கண்டே குறிப்பெடுத்தார். முன்னே குனிந்த உடல், குறுகிய விரைவான அடிகள், ஓய்வில் இருக்கும்போதே நடுங்கும் கை என்று அவர் தெருவில் கண்டவற்றை, காலை வேளையில் கரமனைப் பாலத்தருகே அரை மணி நேரம் நின்றால் நாமும் காணக்கூடும். நடு மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதே நோயின் அடிப்படை. அவற்றுள் பெரும்பகுதி அழிந்த பின்னரே உடலில் அறிகுறிகள் தென்படுகின்றன. இழந்த டோபமினை ஈடுசெய்யும் லெவோடோபா என்ற மருந்து இன்றும் முதன்மையான துணை. அந்தப் பொருளுக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் லெவோடோபா இருப்பதைச் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் 1937இல் வெளியிட்டனர். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று உலகம் அறிந்தது ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின்னரே. இதைப் படித்துவிட்டுப் பூனைக்காலிப் பொடியைத் தாமாகவே வாங்கி உண்ணத் தொடங்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியுள்ளது. மருந்தின் அளவு மிகுந்தாலும் குறைந்தாலும் உடல் வேறு விதமாகப் பழிவாங்கும்.

மருந்து நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தணிக்கிறது. ஆனால் நடையின் உறுதி, உடற்சமநிலை, குரலின் வலிமை, மனத்தின் ஊக்கம் ஆகியவற்றை அது முழுமையாக மீட்டுத் தருவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வந்த முயற்சிகளுள் ஒன்று வியப்பளிப்பது. அதுதான் குத்துச்சண்டைப் பயிற்சி.

அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் அரசு வழக்கறிஞராக இருந்தவர் ஸ்காட் நியூமன். 40ஆம் வயதில் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. குத்துச்சண்டை பழகிய நண்பர் ஒருவரின் தூண்டுதலால் அவர் கையுறை அணிந்தார். உடலில் தெளிவான முன்னேற்றம் கண்டு, 2006இல் தம்மைப் போன்றோருக்காக ‘ராக் ஸ்டெடி பாக்ஸிங்’ என்ற பெயரில் ஒரு கூடத்தைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில், நூற்றுக்கணக்கான இடங்களில் அம்முறையில் வகுப்புகள் நடைபெறுகின்றன.

குத்துச்சண்டை என்றதும் நம் வாசகர் மனத்தில் வடசென்னையும், 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படமும் தோன்றக்கூடும். இங்கே நடப்பது அது அன்று. இவ்வகுப்புகளில் எவரும் எவரையும் குத்துவதில்லை. குத்தை வாங்குவது தொங்கவிடப்பட்ட மணல் மூட்டையும், பயிற்சியாளர் கையில் ஏந்தி நிற்கும் மெத்தைப் பட்டையும் மட்டுமே. முதலில் உடலைத் தளர்த்தும் அசைவுகள், பிறகு கால்களை மாற்றி மாற்றி வைக்கும் அடிகள், அதன்பின் மூட்டையில் குத்துதல், தரையில் படுத்துப் பிறர் உதவியின்றி எழுதல், உரக்கக் கத்துதல் என்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பயிற்சி நீள்கிறது. நேராக விடும் ஜாப் 1, மறுகையால் விடும் கிராஸ் 2, வளைத்து விடும் ஹூக் 3 என்று குத்துகளுக்கு எண் வைத்திருப்பர். பயிற்சியாளர் “1, 2, 3” என்றோ “1, 1, 2” என்றோ எண்களை மாற்றி மாற்றிக் கூவுவார். கேட்டவர் நினைவில் இருத்தி, காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி, கையை முழுநீளம் வீசிக் குத்த வேண்டும்.

பார்க்கின்சன் நோய் உடலிலிருந்து எவற்றைப் பறிக்கிறதோ அவற்றையே இப்பயிற்சி கேட்டு வாங்குகிறது. அசைவுகள் சிறுத்துவிடுவதே நோயின் இயல்பு. எழுத்து சிறுப்பதும், அடி குறுகுவதும், குரல் தாழ்வதும், முகத்தில் உணர்ச்சி மங்குவதும் ஒரே காரணத்தின் வெவ்வேறு முகங்கள். நோயாளர் தாம் போதிய அளவு கையை நீட்டிவிட்டதாகவே எண்ணுவார், உண்மையில் பாதியளவே நீட்டியிருப்பார். மணல் மூட்டையோ பொய் சொல்லாது. கை எட்டாவிட்டால் ஓசை எழாது. உடம்பை முறுக்கித் திரும்புதல், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுதல், பின்னோக்கி அடி வைத்தல் ஆகிய மூன்றும் தடுமாறும்போதுதான் இந்நோயாளர் பெரும்பாலும் கீழே விழுகின்றனர். குத்துச்சண்டையின் அடிப்படைப் பாடங்களே இம்மூன்றுந்தாம்.

முகம்மது அலியை இங்கே நினையாதிருக்க இயலாது. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் அவர் தீபம் ஏற்றிய காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் களத்தில் வாங்கிய குத்துகளே நோய்க்குக் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவது மூளைக்குத் தீங்கு என்பதில் ஐயமில்லை. ஆதலால்தான் இவ்வகுப்புகளில் எதிராளி இல்லை. குத்து கொடுப்பது உண்டு, பெறுவது இல்லை. ‘அலிக்கு அந்நோயைத் தந்த விளையாட்டையா நோயாளருக்குச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்போருக்கு இதுவே விடை.

இனி, ஆய்வுகள் கூறுவதென்ன? இதில் மிகையாகச் சொல்வோர் பலர், ஆகவே அளந்து சொல்வது நம் கடமை. இந்தியானாபொலிஸ் வகுப்பைப் பற்றி 2011இல் வெளிவந்த முதல் ஆய்வு 6 பேரை மட்டுமே பின்தொடர்ந்தது. 2013இல் 31 பேரைக் கொண்டு நடந்த அடுத்த ஆய்வு, குத்துச்சண்டைக் குழுவையும் வழக்கமான உடற்பயிற்சிக் குழுவையும் ஒப்பிட்டது. இரு குழுவினரும் முன்னேறினர். நடையின் வேகத்திலும் களைப்பின்றி நடப்பதிலும் குத்துச்சண்டைக் குழு மேம்பட்டது என்றாலும், ஒன்று மற்றொன்றை முற்றிலும் வென்றுவிட்டதாகச் சொல்வதற்கில்லை. குத்துச்சண்டையைப் பற்றிய சான்று இவ்வாறு சிறிய அளவினதே. கடுமையான உடற்பயிற்சியைப் பற்றிய சான்று அதைவிட வலிமையானது. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மருந்து தொடங்காத ஆரம்ப நிலை நோயாளர் 128 பேரை 6 மாதம் கவனித்தது. இதயத் துடிப்பு அதன் உச்ச அளவில் 80 முதல் 85 விழுக்காட்டை எட்டும்படி ஓடுபட்டையில் நடந்தவர்களின் இயக்கக் குறை மதிப்பெண் ஏறக்குறைய மாறாமல் நின்றது. வழக்கப்படி இருந்தவர்களுக்கோ சுமார் 3 புள்ளி கூடி நிலை மோசமடைந்தது. நெதர்லாந்தில் வீட்டிலேயே மிதிவண்டிக் கருவி மிதித்தவர்களிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. உடற்பயிற்சி நோயை ஒழித்துவிடாது. நரம்பணுக்களின் அழிவையே அது தடுக்கிறது என்று சொல்வதற்கும் இன்னும் காலம் வரவில்லை. ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்குவது, மெல்ல உலாவுவதைவிடக் கூடுதல் பயன் தருகிறது என்று சொல்ல இவை போதும். வாரத்துக்கு 150 நிமிடம் பயிற்சி வேண்டும் என்பது பார்க்கின்சன் அமைப்புகள் பொதுவாகக் கூறும் அளவு.

எனில், ஓடுபட்டையோ மிதிவண்டியோ போதாதா, குத்துச்சண்டை எதற்கு? எம் கருத்தில் விடை மருத்துவத்தில் இல்லை, மனித இயல்பில் இருக்கிறது. பார்க்கின்சன் நோய் தசையை மட்டும் தாக்குவதன்று. ஊக்கமின்மையும் மனச்சோர்வும் அந்நோயின் அறிகுறிகளே, வெறும் விளைவுகள் அல்ல. இயன்முறை மருத்துவர் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள் எத்தனையோ வீடுகளில் ஓய்வூதிய ஆணைக்கும் மின்கட்டண ரசீதுக்கும் இடையே அலமாரியில் உறங்குகிறது. ‘சோம்பல்’ என்று வீட்டார் கடிந்துகொள்கின்றனர். சோம்பல் அன்று, நோயே அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. தனியே செய்ய வேண்டிய பயிற்சியைத் தனிமையாலேயே நலிந்தவரிடம் ஒப்படைப்பது நியாயமாகாது. செவ்வாய்க்கிழமை காலையில் எட்டுப் பேர் காத்திருப்பர், வராவிட்டால் தொலைபேசியில் அழைப்பர் என்ற நிலை இருந்தால் கால் தானே செருப்பைத் தேடும்.

இன்னொன்றும் உண்டு. இந்நோய் வந்த நாள்முதல் ஒருவர் கேட்கும் சொற்கள் எல்லாம் ஒரே வகை. “மெதுவா”, “பாத்து”, “நீங்க உக்காருங்கோ, நான் எடுத்துண்டு வரேன்.” அன்பினால் சொல்பவைதாம். ஆனால் ஓர் அலுவலகத்தையே நடத்திய மனிதரை நாளெல்லாம் இவை சிறுகச் சிறுகக் குறைக்கின்றன. அவரை நோக்கி ஒருவர் “இன்னும் ஓங்கி!” என்று கூவினால் என்ன ஆகும் என்பதைச் சிந்தித்துப் பார்க்கலாம். வேறெந்தப் பயிற்சியிலும் இல்லாத ஒரு மரியாதை இதில் இருக்கிறது. இங்கு அவரிடம் வலிமை எதிர்பார்க்கப்படுகிறது.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். இந்நோய் ஆண்களிடம் சற்று அதிகம் என்றாலும் பெண்களுக்கும் வருகிறது. நம் வீடுகளில் பெண்ணுக்கு வந்த நடுக்கம் அடுக்களைக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. தோசை வார்க்கக் கை ஒத்துழைக்கவில்லை, கோலப் புள்ளி நேராக விழவில்லை என்பவை வயதின் கணக்கில் எழுதப்படுகின்றன. மருத்துவரிடம் போவதே தாமதம், பயிற்சிக்குப் போவதோ பேச்சிலேயே இல்லை. மாமியும் பாட்டியும் கையுறை மாட்டிக்கொள்வதா என்று சிரிப்போர் சிரிக்கட்டும். வகுப்பு தொடங்கினால் மூட்டையைப் பலமாகக் குத்துவோர் அவர்களாகவே இருப்பர் என்பது எம் ஊகம். பல ஆண்டு மாவரைத்த தோள்கள் அவை.

திருவனந்தபுரத்துக்கு இதில் சில தனி வாய்ப்புகள் உள்ளன. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இந்நகரில் இருக்கிறது. இயக்கக் கோளாறுகளுக்கென்றே அங்கு தனி மையம் உண்டு. மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சையும் அங்கு நடைபெறுகிறது. கன்னியாகுமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்தும் நோயாளர் அங்கு வருகின்றனர். அந்த அறுவை சிகிச்சைக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும், அதுவும் எல்லாருக்கும் ஏற்றதன்று. ஒரு கோடியில் உலகத் தரமான மருத்துவமும் மறுகோடியில் அலமாரியில் உறங்கும் பயிற்சித் தாளும் இருக்க, நடுவே இருக்க வேண்டிய தெருமுனை வகுப்பைக் காணோம்.

மற்றொன்று களரி. கரமனையிலிருந்து சிறிது தொலைவில், கிழக்கேகோட்டையில், 1956 முதல் இயங்கிவரும் சி.வி.என். களரியை வாசகர் பலர் அறிவர். களரிப்பயிற்றில் ‘வாய்த்தாரி’ என்றொரு முறை உண்டு. குருக்கள் அடுத்தடுத்த அசைவுகளை ஓசைநயத்தோடு வாயால் சொல்லிச் செல்ல, மாணவர் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு உடலை இயக்குவர். பார்க்கின்சன் நோயாளருக்கு உள்ளிருந்து எழ வேண்டிய கட்டளை தடைப்படுகிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் ஓசையோ, தாளமோ, தரையில் இட்ட கோடோ கிடைத்தால் நின்றுபோன கால் மீண்டும் நகர்கிறது. கதவு வாயிலில் உறைந்து நிற்பவர் முன்னே ஒரு குறுக்குக் கோட்டைக் காட்டினால் அதைத் தாண்டி அடியெடுத்து வைத்துவிடுவார். குத்துச்சண்டைப் பயிற்சியாளர் எண்களைக் கூவுவதும் இதே தத்துவந்தான். அமெரிக்கப் பெயரையும் அதற்கான உரிமத்தையும் விலைக்கு வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நோயாளருக்கு ஏற்ப எளிமையாக்கிய குத்துகளும், வாய்த்தாரியின் ஓசையும், இயன்முறை மருத்துவரின் கண்காணிப்பும் சேர்ந்தால் நம் ஊருக்கே உரிய ஒரு வகுப்பு உருவாகும். களரியின் தாழ்ந்த வடிவுகளும் உயர்ந்த வீச்சுகளும் இவர்களுக்கு ஆகா என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடன் வாங்க வேண்டியது குரலை மட்டுமே.

குழுவாகச் செய்வதற்கு நம் நாட்டில் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. மும்பையில் 2001இல் தொடங்கிய பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறுச் சங்கம் பல நகரங்களில் ஆதரவுக் குழுக்களை நடத்தி, பயிற்சி, பேச்சு, பாட்டு, நடனம் என்று நோயாளர்களைச் சேர்த்து உட்காரவும் ஆடவும் வைத்திருக்கிறது. குத்துச்சண்டை அவ்வரிசையில் ஒன்றுதான். நடனத்தில் நாட்டமுள்ளவர் நடனத்துக்குப் போகட்டும். கூச்சத்தால் நடனமாடத் தயங்கும் நம் ஓய்வுபெற்ற ஆண்களை வெளியே இழுக்கக் கையுறை உதவும் என்பதே நாம் இதைத் தேர்ந்து சொல்லும் காரணம்.

ஆபத்து இல்லையா? உண்டு. கீழே விழும் இயல்புள்ளவரைக் கால் மாற்றி ஆடச் சொல்கிறோம். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென இறங்குவது இந்நோயில் இயல்பு. எலும்பு தேய்ந்தவருக்கு ஒரு விழுதல் இடுப்பு முறிவாகலாம். இதய நோய் உள்ளவர் கடும் பயிற்சிக்கு முன் சோதனை செய்தாக வேண்டும். ஆகவே நரம்பியல் மருத்துவரின் எழுத்துவழி ஒப்புதல் இன்றி எவரையும் சேர்க்கலாகாது. நோயின் படிநிலைக்கேற்ப வகுப்பைப் பிரிக்க வேண்டும். தடுமாறுவோருக்குப் பின்னால் ஒருவர் இடுப்பு வாரைப் பிடித்து நிற்க வேண்டும். நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்தும் குத்தலாம். யூடியூப் பார்த்துவிட்டு மாடியில் மூட்டை கட்டித் தொங்கவிடுவது தைரியம் அன்று. உள்ளூர் ஜிம்மில் சேர்ந்து இருபது வயது இளைஞரோடு போட்டியிடுவதும் அவ்வாறே.

இடத்துக்குக் குறைவில்லை. கரமனையின் தெருக்களில் சமூக மண்டபங்கள் உள்ளன. திருமணமும் உபநயனமும் இல்லாத நாட்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. குடியிருப்போர் சங்கங்கள் ஓணத்துக்கும் ஆண்டுக் கூட்டத்துக்கும் மட்டும் திறக்கும் அறைகள் உள்ளன. முதியோருக்காக உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் பகல் வீடுகள் கேரளத்தின் பெருமைகளுள் ஒன்று. அங்கு தொலைக்காட்சியும் செய்தித்தாளும் கேரம் பலகையும் இருக்கின்றன. ஒரு மூலையில் மணல் மூட்டையும் இருக்கலாம். மூட்டையைத் தாங்கும் உறுதியான உத்தரம், வழுக்காத தரை, கைப்பிடியுள்ள நாற்காலிகள், படி ஏறாமல் நுழையும் வழி, அருகிலேயே கழிப்பறை ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். வாரம் மூன்று முறை வரும் இயன்முறை மருத்துவருக்கும் பயிற்சியாளருக்கும் கொடுக்கும் ஊதியமே உண்மையான செலவு.

செலவு என்றதும் எம் தொழிலுக்கு வந்துவிட்டோம். உடற்குறை உடையோர் உரிமைச் சட்டம், 2016, பார்க்கின்சன் நோயைத் தன் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவும், பாதிப்பு 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால், நிபுணரின் மருந்துச் சீட்டின் பேரில் மருத்துவச் செலவுக்குக் கழிவு தந்தது. 60 வயதைக் கடந்தோருக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலும், மற்றவருக்கு 40,000 ரூபாய் வரையிலும் என்பது கணக்கு. பழைய வரி முறையைத் தேர்ந்தோருக்கு மட்டுமே இது பொருந்தும். இந்தச் சலுகைகளைக் கேட்டுப் பெறாத வாடிக்கையாளர் பலர் என்பதால் இங்கு எழுதுகிறோம். உங்கள் பட்டயக் கணக்கரிடம் நடப்பாண்டு நிலையைக் கேட்டறிவது நன்று. ஆனால் இவை யாவும் மருந்தையும் மருத்துவமனையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பயிற்சி வகுப்புக் கட்டணத்துக்கு அங்கு தனி இடமில்லை. மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் திறக்கும் பெட்டி. இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தால் லட்சக்கணக்கில் ஈடு கிடைக்கும். எலும்பு முறியாமல் காக்கும் வகுப்புக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. வணிகவியல் படித்த எவருக்கும் இக்கணக்கு இடிக்கும். விழுவதற்கு முன் செலவிடுவதே மலிவு என்று காப்பீட்டாளர்களும் ஒரு நாள் கணக்கிடத்தான் போகின்றனர். அந்நாளை விரைவுபடுத்த வாடிக்கையாளர் கேள்வி கேட்க வேண்டும்.

வங்கிகளுக்கும் இதில் பங்குண்டு. சமூகப் பொறுப்புக்கென ஒதுக்கும் தொகையில் சக்கர நாற்காலிகளும் குடிநீர்க் கருவிகளும் நன்கொடையாகின்றன. நல்லவையே. புகைப்படத்திலும் அவை அழகாக இருக்கும். ஓர் இயன்முறை மருத்துவரின் ஓராண்டு ஊதியம் புகைப்படத்தில் தெரியாது. தெரியாவிட்டாலும் அது கூடுதல் பயன் தரும் என்றே கருதுகிறோம். இன்னும் எளிய ஒன்று, ஓய்வூதியதாரர் கூடும் நவம்பர் மாதத்தில் கிளைகளில் இந்நோயைப் பற்றிய ஒரு பக்கத் தமிழ், மலையாளத் துண்டறிக்கை வைப்பது. கையொப்பம் சிறுத்துவிட்டதே என்று வருந்தி வரும் வாடிக்கையாளரிடம் புதிய மாதிரிக் கையொப்பப் படிவத்தோடு அதையும் நீட்டலாம். நோய் இன்னதென்று சொல்வது எங்கள் வேலையன்று. ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்பது மனிதர் எவர்க்கும் உரியது.

தொடங்க விரும்பும் சங்கங்களுக்கு நேரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. வகுப்பை வைகறையில் வைக்க வேண்டாம். இந்நோயாளருக்குக் காலை எழுந்தவுடன் உடல் மிகவும் இறுகியிருக்கும். முதல் மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பின்னரே கை கால் வசப்படும். புரதம் மிகுந்த உணவு அம்மருந்தை உடல் ஏற்பதைத் தாமதப்படுத்தும் என்பதால், எப்போது சாப்பிட்டு எப்போது வர வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முற்பகல் பத்து மணி பெரும்பாலோருக்கு ஒத்துவரக்கூடும். பள்ளிப் பேருந்துகளும் அலுவலக வண்டிகளும் போய்விட்டபின் கரமனைச் சந்திப்பில் சாலையைக் கடப்பதும் அப்போது ஓரளவு எளிது.